முற்றுகைக்குள் இருந்த படைத்தலைவரை எடைபோடுவது எப்படி? ஆற்காடு 1751-ஐ முன்வைத்து ஒரு வழிகாட்டி

காலனியப் போர்களைப் பற்றிப் படிக்கும்போது, சிறு கோட்டை ஒன்றுக்குள் அடைபட்ட சில நூறு பேரும் அவர்களை வழிநடத்திய இளம் அதிகாரி ஒருவரும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவார்கள். அந்த அதிகாரியை ஒரு நூல் மாவீரன் என்னும். இன்னொரு நூல் கொள்ளைக்காரன் என்னும். இரண்டுக்கும் காரணங்கள் இருக்கலாம். ஆனால் மதிலுக்குள் இருந்த நாட்களில் அவர் எதைக் கணக்கிட்டார், எதில் பிழைசெய்தார், யாருடைய உழைப்பின் மேல் நின்றார் என்பதை அந்தச் சொற்கள் இரண்டும் சொல்வதில்லை. உள்ளூர் வரலாறு எழுத விரும்புவோருக்கும் வகுப்பில் இப்பகுதியை நடத்தும் ஆசிரியர்களுக்கும் அதைக் கண்டறிய ஒரு வழியைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைக் காத்த முற்றுகையை எடுத்துக்கொள்கிறேன். நம் மண்ணில் நடந்தது, எண்கள் ஓரளவு தெளிவாகக் கிடைப்பது, நெடுங்காலமாகப் புகழ்ச்சியால் மூடப்பட்டுக் கிடப்பது என்ற மூன்று காரணங்களால் இது பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று, கட்டத்தாள் ஒன்று, பாலாற்றுப் பகுதியின் வரைபடம் ஒன்று ஆகியவை இருந்தால் போதும்.

அவர் ஏன் அங்கே இருந்தார்?

முற்றுகையை விவரிக்கத் தொடங்கும் முன், அந்தப் படை அங்கே இருந்ததன் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அந்த வாக்கியம் இல்லாமல் வெற்றி தோல்வி என்று பேசுவதில் பொருளில்லை.

ஆற்காட்டைப் பொறுத்தவரை நோக்கம் திருச்சிராப்பள்ளி. 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டபின், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துணையோடு சந்தா சாகிப் நவாப் பதவியைப் பிடித்தார். அன்வருத்தீனின் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளியில் அடைக்கலம் புகுந்தார். 1751-இல் அந்த நகரம் முற்றுகைக்கு உள்ளாகியிருந்தது. ஆங்கிலக் கும்பினி, அதாவது கிழக்கிந்திய வணிகக் கம்பெனி, முகமது அலியின் பக்கம் இருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு நேராகப் போய் மோதுவதைவிட, சந்தா சாகிப்பின் தலைநகரான ஆற்காட்டைப் பிடித்தால் அதை மீட்க அவர் படையின் ஒரு பகுதியை அனுப்பியே தீர வேண்டியிருக்கும் என்று கிளைவ் சொன்னார். அப்போது தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிலிருந்து கும்பினியின் அலுவல்களை நடத்திவந்த ஆளுநர் சாண்டர்ஸ் அதை ஏற்றுக்கொண்டார்.

இந்தப் பின்னணியைப் பதிவுசெய்தவுடன் ஒன்று தெளிவாகும். பல முற்றுகைகள் தவறான கணக்கினாலோ எதிர்பாராத் தோல்வியினாலோ நேர்பவை. ஆற்காட்டில் நடந்தது ஏறக்குறைய அழைத்து வருவிக்கப்பட்ட முற்றுகை. திருச்சிராப்பள்ளியிலிருந்து சந்தா சாகிப் நாலாயிரம் பேரை ஆற்காட்டை நோக்கி அனுப்பிய அன்றே கிளைவின் நோக்கத்தில் பாதி நிறைவேறிவிட்டது. எஞ்சிய பாதி, அந்தப் படையை அங்கேயே எவ்வளவு காலம் கட்டிவைக்க முடியும் என்பது. ஆகவே அவருடைய ஒவ்வொரு செயலையும், காலத்தை நீட்டித்ததா குறைத்ததா என்ற அளவுகோலால் அளக்க வேண்டும்.

அதே பக்கத்தில் அவர் கையிலிருந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 26-இல் சென்னையிலிருந்து புறப்பட்டபோது 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகள், எட்டு அதிகாரிகள். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அதுவரை போர்க்களத்தையே பார்த்ததில்லை. நான்கு பேர் கும்பினியின் வணிகப் பணியிலிருந்து வந்தவர்கள். கிளைவும் 1744-இல் கணக்கெழுதும் எழுத்தராகத்தான் சென்னைக்கு வந்தார். இடையில் படைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் பொறுப்பையும் வகித்தார். இந்தச் சிறு செய்தியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாளைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதைவிட, ஒரு மூட்டை அரிசி எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே முற்றுகைக்குள் மதிப்புள்ள செய்தி என்று நான் கருதுகிறேன்.

ஆற்காட்டைப் பிடித்த கதைக்கு அதிக இடம் தர வேண்டாம். கோட்டையிலிருந்த ஆயிரம் பேர் அளவிலான காவற்படை, கிளைவின் படை இடிமழையில் நிற்காமல் நடந்து வருகிறது என்ற செய்தி கேட்டு, முந்தின இரவே வெளியேறிவிட்டது. எதிர்ப்பில்லாமல் கிடைத்த கோட்டை அது.

நாட்காட்டியைச் சரிசெய்தல்

அடுத்த வேலை சலிப்பூட்டும். ஆனாலும் இதைத் தவிர்த்தால் பின்னால் எல்லாம் குழம்பும். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். பிரெஞ்சுக்காரர் அதற்கு முன்பே புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தனர். இரண்டுக்கும் 1751-இல் பதினொரு நாள் வேறுபாடு. ஆங்கிலக் குறிப்புகளில் முற்றுகை செப்டம்பர் 23-இல் தொடங்கி நவம்பர் 14-இல் இறுதித் தாக்குதலோடு முடிகிறது. புதிய கணக்கில் அது அக்டோபர் 4 முதல் நவம்பர் 25 வரை. புதுச்சேரியில் அன்று என்ன பேசப்பட்டது என்று பார்க்க விரும்பினால் பதினொரு நாள் தள்ளித்தான் தேட வேண்டும். துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பில் தமிழ் ஆண்டும் மாதமும் இருக்கும். 1751 ஏப்ரலில் பிறந்தது பிரசோற்பத்தி ஆண்டு. (இனிமேல் நான் தரும் நாட்கள் எல்லாம் பழைய ஆங்கிலக் கணக்கைச் சேர்ந்தவை.)

மூன்று நாட்காட்டிகளையும் ஒரே தாளில் பத்திபத்தியாக எழுதிப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். புதிய கணக்கில் அக்டோபர் தொடக்கம் முதல் நவம்பர் இறுதி வரை என்பது நமக்குப் புரட்டாசியின் பிற்பகுதியிலிருந்து கார்த்திகை நடுவரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் பெரும்பகுதி இதற்குள் அடங்குகிறது. அகழியில் நீர் எங்கே நிற்கும், எங்கே வற்றும், வெடிமருந்து எங்கே நனையும், இரவில் வெளியே கூடாரத்தில் படுத்திருப்பவன் நிலை என்ன என்ற கேள்விகளை இந்த மழையை நினைவில் வைத்தே கேட்க வேண்டும். ஐரோப்பிய நூல்களை மட்டும் வைத்து எழுதுவோருக்கு ஐப்பசி மழை என்பது வெறும் தகவல். நமக்கு அப்படியில்லை.

எண்ணிப் பாருங்கள்: செப்டம்பர் 23 முதல் நவம்பர் 14 வரை 52 நாள். நூல்களில் ஐம்பது நாள் என்று வருவது முழு எண்ணாக்கிச் சொன்னது. இந்த இரண்டு நாள் வேறுபாடு அரிசிக் கணக்கில் நமக்குத் தேவைப்படும்.

மதிலும் தலைக்கணக்கும்

இப்போது கட்டத்தாளை எடுங்கள். இந்த முற்றுகையை முதலில் விரிவாக எழுதியவர், கிளைவின் நண்பரும் அஞ்சுதெங்கில் பிறந்தவருமான ராபர்ட் ஆர்ம். அவர் தரும் கோட்டை வருணனை இதுதான்: சுற்றளவு ஒரு மைலுக்கு மேல், மதில் பல இடங்களில் சிதைந்திருந்தது, மதிலின் மேற்புறம் பீரங்கி நிறுத்த முடியாத அளவுக்குக் குறுகல், கைப்பிடிச் சுவர் தாழ்வானது, வலுவற்றது, கொத்தளங்கள் சில இடிந்தவை, நல்ல நிலையில் இருந்தவற்றிலும் ஒரு பீரங்கிக்கு மேல் இடமில்லை, அகழி சில இடங்களில் நடந்து கடக்கக்கூடியது, சில இடங்களில் வறண்டது, சில இடங்களில் தூர்ந்துபோனது.

ஒரு மைல் என்றால் ஏறத்தாழ 1,600 மீட்டர். முற்றுகையின் தொடக்க நாட்களில் போரிடத்தக்க நிலையில் இருந்தவர்கள் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும். எட்டு அதிகாரிகளில் பணியாற்றக் கூடியவர்கள் நான்கு பேர் மட்டுமே. 320 பேரையும் ஒரே நேரத்தில் மதில் மேல் நிறுத்தினால் ஐந்து மீட்டருக்கு ஒருவர். மூன்று முறையாகப் பிரித்தால் பதினைந்து மீட்டருக்கு ஒருவர். இந்த மதிற்சுற்றைத் தாளில் வரைந்து பதினைந்து மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடந்தான் படைத்தலைவர் ஒவ்வோர் இரவும் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லா இடத்தையும் காக்க முடியாது, எந்த இடத்தில் ஆபத்து வரும் என்று முன்னரே அறிந்து அங்கே ஆட்களைக் குவிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் ஏன் வந்தார் என்பது வருணனை இல்லாமலே விளங்கிவிடும்.

வெளியே இருந்தவர்கள் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் தலைமையில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர்: 150 பிரெஞ்சுக்காரர், பயிற்சி பெற்ற சிப்பாய்கள் 2,000, குதிரைப் படையினர் 3,000, பலவகை ஆயுதம் தாங்கிய காலாட்கள் 5,000. பத்தாயிரத்துக்கு எதிராக முந்நூறு என்று எழுதுவது எளிது. அப்படி எழுதாதீர்கள். மதிலின் மேல் துல்லியமாகச் சுட்டவர்கள் கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளுக்குள் புகுந்திருந்தவர்கள். உள்ளே இறந்தவர்களில் பலர் அந்த வீடுகளிலிருந்து வந்த குண்டுகளால்தான் இறந்தார்கள். மதிலை உடைக்கும் கனரகப் பீரங்கிகளோ புதுச்சேரியிலிருந்து அக்டோபர் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தன. எண்ணிக்கையைப் பிரித்து, யாரால் எந்த நாளில் என்ன தீங்கு செய்ய முடிந்தது என்று எழுதினால்தான் அது கணக்காகும்.

அரிசியும் தண்ணீரும்

முற்றுகைக்குள் இருப்பவரின் உண்மையான எதிரி சேமிப்பறையில் இருக்கிறது. நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கி, கையிருப்பு, நாள் செலவு, எஞ்சும் நாட்கள் என்று மூன்று பத்தி போடுங்கள்.

கோட்டைக்குள் மூவாயிரம் நாலாயிரம் பொதுமக்கள் வாழ்ந்துவந்தனர். கோட்டையைப் பிடித்தபோது கிளைவ் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. முற்றுகை தொடங்கியதும், கையிருப்பு உணவு காவற்படைக்கு அறுபது நாள் மட்டுமே வரும் என்று கணக்கிட்டுச் சில கைவினைஞர்களைத் தவிர மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பினார். முற்றுகையிட்டவர்கள் அவர்களை எந்தத் தொல்லையும் இன்றித் தங்கள் காவல்களைக் கடந்து போகவிட்டார்கள். ராஜா சாகிப்பின் பக்கம் எழுதப்பட வேண்டிய செய்தி இது. வெளியே வரும் வாய்களைத் திரும்ப உள்ளே விரட்டிப் பட்டினியைத் துரிதப்படுத்துவது முற்றுகைப் போரில் அறியாத ஒன்றல்ல; அவர் அதைச் செய்யவில்லை.

தங்கியிருந்த கைவினைஞர்களில் ஒரு கொத்தனார் இருந்தார். அந்தக் கோட்டையில் பல ஆண்டு வேலை பார்த்தவர். கோட்டைக்குள் இருந்த ஒரே நீர்த்தேக்கத்திலிருந்து நிலத்தடியில் ஒரு வாய்க்கால் வெளியே போகிறது, வெளியே இருப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தால் தேக்கத்தை வடித்துவிடலாம் என்று அவர் சொன்னார். அவரைக் கொண்டே மதிலுக்குள் அந்த வாய்க்கால் கட்டடத்தால் அடைக்கப்பட்டது. இந்தச் செய்தியை ஆர்ம் ஓரிரு வாக்கியங்களில் சொல்லிப் போய்விடுகிறார். ஐம்பது நாள் முற்றுகை தாங்கியதற்கு இந்த ஒரு மனிதரின் அறிவு எவ்வளவு காரணம் என்று எண்ணினால், அவருக்கு நாம் தரும் இடம் இன்னும் பெரிதாக வேண்டும். அவர் ஏன் சொன்னார், அச்சத்தாலா, கூலிக்காகவா, உள்ளே சிக்கிய தன் உயிருக்காகவா என்பதை ஊகித்து நிரப்ப வேண்டாம். அவர் சொன்னார் என்பதையும் படைத்தலைவர் கேட்டார் என்பதையும் எழுதுங்கள். படைத்தலைவரைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது செயல் முதன்மையானது. உள்ளூர்க் கைவினைஞன் ஒருவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் அதிகாரிகள் காலனியப் படைகளில் மிகுதியாக இருந்ததில்லை.

கஞ்சிக் கதையை என்ன செய்வது?

ஆற்காட்டைப் பற்றி ஒரே ஒரு செய்தி தெரிந்தவர்களுக்கும் தெரிந்த செய்தி இது. உணவு குறைந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னார்களாம். 1840-இல் மெக்காலே எழுதிய கட்டுரையின் வழியாக இது உலகெங்கும் பரவியது. பள்ளிப் பாடங்களில் புகுந்தது.

இதைப் போன்ற கதை கையில் கிடைத்தால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். முதலில், அருகில் இருந்தவர் யாராவது சொல்கிறாரா? 1763-இல் முதல் தொகுதி வெளியிட்ட ஆர்ம், கிளைவையே நேரில் அறிந்தவர், குண்டடிபட்ட யானை முதல் சிதறிய பீரங்கி வரை எழுதியவர், இந்தக் கதையைச் சொல்லவில்லை. கதை அச்சில் வலுப்பெறுவது நிகழ்ச்சிக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின், கிளைவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் மால்கமும் மெக்காலேயும் எழுதிய காலத்தில்.

அடுத்து, கணக்கு ஒத்துவருகிறதா? கையிருப்பு அறுபது நாளுக்கு. முற்றுகை 52 நாள். இடையில் இறப்பும் காயமும் உண்பவரின் எண்ணிக்கையைக் குறைத்தன. கணக்கின்படி கடைசி நாளிலும் உணவு இருந்திருக்க வேண்டும். இதனால் கதை பொய் என்று நிறுவப்பட்டுவிடாது. முற்றுகை எப்போது முடியும் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது; ஆகவே நாற்பதாம் நாளிலேயே பங்கீட்டைக் குறைத்திருக்கலாம். அரிசி இருந்து இறைச்சி தீர்ந்திருக்கலாம். சோறு உண்ணப் பழகாத ஐரோப்பியர் அப்போது அரிசியை நாடியிருக்கலாம். ஆனால் பட்டினியின் விளிம்பில் நடந்த தியாகம் என்று எழுதும் அளவுக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

மூன்றாவது, கதை யாருக்குப் பயன்பட்டது? சிப்பாய் தன் பங்குச் சோற்றையும் வெள்ளையருக்குத் தந்து மகிழ்ந்தான் என்ற சித்திரம், அந்தச் சிப்பாய்களின் உழைப்பால் பேரரசு வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் படிப்பவருக்கு மிக ஆறுதலாக இருந்திருக்கும். சிப்பாய் ஒருவர் தம் வாயால் சொன்ன சாட்சி அதில் இல்லை. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, கதையை அதன் பிற்கால வரவோடு சேர்த்துத் தாருங்கள் என்பதே என் பரிந்துரை. நீக்கிவிடாதீர்கள், நடந்ததாகவும் சொல்லாதீர்கள். வடிகஞ்சியில் உரம் இருக்கிறது என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், அதைக் கழிவுநீர் போல வருணிக்கும் ஆங்கில நடையையும் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்தல்

படைத்தலைவரின் முடிவுகளை நாள் வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று குறியுங்கள். பின்னால் நமக்குத் தெரியவந்ததை அந்தப் பத்தியில் நுழைய விடாதீர்கள்.

முற்றுகைக்கு முன் நடந்த ஒன்று: சென்னையிலிருந்து 18 பவுண்டு குண்டெறியும் இரண்டு பீரங்கிகள் வந்துகொண்டிருந்தன. காஞ்சிபுரத்தில் அவற்றை மறிக்க எதிரிகள் முயன்றதை அறிந்து, கிளைவ் 30 ஐரோப்பியரையும் 50 சிப்பாய்களையும் மட்டும் கோட்டையில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் அவற்றைக் காக்க அனுப்பினார். அன்றிரவே கோட்டை தாக்கப்பட்டது. எண்பது பேரும் அதை முறியடித்தார்கள், பீரங்கிகளும் வந்தன. பயன் கிடைத்தது என்பதற்காக இதைச் சரியான முடிவு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தோற்றிருந்தால் கோட்டையே போயிருக்கும். மேலும், பின்னர் பிரெஞ்சுக்காரரின் கனரகப் பீரங்கிகள் சுடத் தொடங்கியதும் சென்னையிலிருந்து வந்த அந்த இரண்டில் ஒன்று உடனே செயலிழந்தது. மற்றதை எதிரிப் பீரங்கிகளுக்கு எட்டாத இடத்தில்தான் பயன்படுத்த முடிந்தது.

இரண்டாவது, முற்றுகை தொடங்கிய மறுநாள் நகரத் தெருக்களுக்குள் பாய்ந்து எதிரிப் பீரங்கிகளைக் கைப்பற்ற அவர் செய்த முயற்சி. பதினைந்து ஐரோப்பியர் அன்று கொல்லப்பட்டனர் அல்லது அந்தக் காயத்தால் இறந்தனர், பதினாறு பேர் செயலிழந்தனர், பீரங்கி கிடைக்கவில்லை. சன்னலிலிருந்து ஒரு சிப்பாய் கிளைவைக் குறிவைப்பதைப் பார்த்த லெப்டினன்ட் டிரென்வித் அவரை இழுத்து ஒதுக்கினார். குண்டு டிரென்வித்தின் உடலைத் துளைத்தது. காலத்தை நீட்டிப்பதே நோக்கம் என்ற நம் அளவுகோலால் பார்த்தால், ஈடுசெய்ய முடியாத ஆட்களை முதல் நாட்களிலேயே இழந்த இந்தப் பாய்ச்சல் அவருடைய பெரிய பிழை. புகழுரைகளில் இது துணிச்சல் என்ற தலைப்பில் வரும். பிறகு அவர் மதிலுக்குள் இருந்து பொறுமையோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டதையும் அதே பக்கத்தில் எழுதுவது நேர்மை.

மூன்றாவது, கோட்டையில் கிடந்த ஒரு பெரும் பீரங்கி. 72 பவுண்டு குண்டெறியும் அது, ஔரங்கசீப் தில்லியிலிருந்து அனுப்பியது, ஆயிரம் இணை மாடுகள் இழுத்துவந்தது என்று சொல்லப்பட்டது. மண்மேடு எழுப்பி அதன்மேல் ஏற்றி, ராஜா சாகிப் தம் அதிகாரிகளோடு கூடும் வேளையில் அரண்மனையை நோக்கி நாளுக்கு ஒருமுறை சுட்டார்கள். நாலாம் நாள் வெடித்துச் சிதறியது. போர்ப்பயன் சிறிது, உள்ளே இருந்தவர்களுக்குத் தாங்களும் அடிக்கிறோம் என்ற உணர்வைத் தந்ததே அதன் பயன். இத்தகைய செயல்களை வீண் என்று ஒதுக்காதீர்கள். மண் சுமந்த அந்த நாட்களில் ஆட்கள் சும்மா இருந்து அஞ்சவில்லை.

நாலாவது, அக்டோபர் 30-இல் வந்த தூது. கோட்டையை ஒப்படைத்தால் காவற்படைக்கு மதிப்பான நிபந்தனைகளும் கிளைவுக்குப் பெரும் பணமும் தருவதாகவும், மறுத்தால் கோட்டையைத் தாக்கி எல்லாரையும் வெட்டுவதாகவும் ராஜா சாகிப் சொல்லியனுப்பினார். கிளைவ் கடுமையாக மறுத்தார். இங்கே அவருக்குத் தெரிந்திருந்ததைக் குறிக்கும் பத்தி பெரிதும் உதவும். சென்னையிலிருந்து இன்னஸ் தலைமையில் வந்த உதவிப்படை வழியில் தடுக்கப்பட்டுப் பூந்தமல்லிக்குப் பின்வாங்கியிருந்தது. ஆனால் மைசூரின் பணத்தில் முகமது அலிக்குத் துணையாக வந்து, மேற்கே மலைப்பக்கம் ஆறாயிரம் குதிரை வீரர்களோடு நின்றுகொண்டிருந்த மராத்தியத் தலைவர் முராரி ராவ், ஆங்கிலேயர் இப்படிப் போரிடுவார்கள் என்று இதுவரை நம்பவில்லை, இனி உதவுகிறேன் என்ற பொருளில் செய்தி அனுப்பியிருந்தார். கிளைவின் மறுப்பை வெறும் வீறாப்பாகவும் தன்னலமின்மையாகவும் எழுதுவோர் மராத்தியர் பக்கம் பார்ப்பதில்லை.

இறுதித் தாக்குதலின் ஒரு மணி நேரம்

பெரும்பாலோர் மிக விரும்பி எழுதும் பகுதி இது. நீங்கள் மிக அடக்கமாக எழுத வேண்டிய பகுதியும் இதுதான். முஹர்ரம் நாட்களில், நவம்பர் 14 விடியற்காலையில் தாக்குதல் நடந்தது. ஒற்றர் மூலம் முன்னரே அறிந்திருந்த கிளைவ் ஏற்பாடுகளைச் செய்து முடித்துவிட்டு உறங்கப் போயிருந்தார். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகள் கதவுகளை மோத அனுப்பப்பட்டன. குண்டடி பட்டு அவை திரும்பித் தம் பக்கத்தவரையே மிதித்தன. பீரங்கிகள் மதிலை உடைத்திருந்த வடமேற்குப் பிளவில் அகழியை நடந்தே கடக்க முடிந்தது. தென்மேற்கில் நீர் இருந்ததால் எழுபது பேர் தெப்பத்தில் வந்தார்கள். பீரங்கிக்காரர் குறி தவறுவதைக் கண்ட கிளைவ் தாமே ஒரு பீரங்கியை இயக்கி அந்தத் தெப்பத்தைக் கலைத்தார்.

எண்களைச் சரிபாருங்கள். அன்று மதிலில் நின்றவர்கள் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 12,000 தோட்டாக்கள் செலவாயின. ஒருவருக்கு அறுபது, அதாவது நிமிடத்துக்கு ஒன்று. பயிற்சி பெற்றவர் நிமிடத்தில் இரண்டு மூன்று முறை சுடக்கூடிய காலம் அது என்பதால் எண் நம்பத்தக்கது. முன்வரிசை சுட, பின்வரிசை துப்பாக்கிகளை நிரப்பி நீட்டிக்கொண்டே இருந்த ஏற்பாட்டோடும் அது பொருந்துகிறது. தாக்கியவர்களில் ஏறத்தாழ 400 பேர் இறந்தனர் அல்லது காயமடைந்தனர். உள்ளே நான்கு ஐரோப்பியர் இறந்தனர். இரண்டு சிப்பாய்கள் காயமடைந்தனர். முற்றுகை முழுவதிலும் உள்ளே இறந்தவர்கள் 45 ஐரோப்பியரும் 30 சிப்பாய்களும். இறுதி நாளின் இழப்பு நான்கு, மொத்த இழப்பு 75. ஆரவாரமான அந்த ஒரு மணி நேரத்தைவிட, வீட்டுச் சன்னல்களிலிருந்து குண்டு வந்துகொண்டிருந்த மற்ற நாட்கள்தான் அவர்களைக் கொன்றன. உங்கள் கட்டுரையின் பக்கங்களும் அதே விகிதத்தில் அமையட்டும்.

மறுநாள் அதிகாலை இரண்டு மணி அளவில், பீரங்கிகள் சிலவற்றையும் வெடிமருந்தையும் விட்டுவிட்டு முற்றுகைப் படை வெளியேறியது. கில்பாட்ரிக் தலைமையிலான உதவிப்படை அதற்குப் பிறகே கோட்டைக்குள் நுழைந்தது. தொடர்ந்து ஆரணி, காவேரிப்பாக்கம் போர்கள் நடந்தன. 1752 ஜூனில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது, சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முதல் பக்கத்தில் எழுதிய நோக்க வாக்கியத்துக்கு எதிரே இவற்றை எழுதி முடியுங்கள்.

இடத்துக்குப் போகும்போது

ஆற்காடு இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பாலாற்றங்கரையில் நிற்கும் தில்லி வாயிலைத் தவிர அந்தக் கோட்டை அமைப்பில் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அந்த வாயிலின் மேலுள்ள அறையைக் கிளைவின் அறை என்று சொல்வார்கள். அந்த வழக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். முற்றுகைக்கு ஆதாரமாக ஆக்காதீர்கள். முடிந்தால் ஐப்பசியில் போங்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஒரு மைல் தூரத்தை நடந்து, பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை நின்று பாருங்கள். கட்டத்தாளில் வைத்த புள்ளிகள் அப்போது மனிதர்களாகத் தோன்றும்.

எழுத உட்காரும்போது

நோட்டில் பெயர்ப் பத்தி ஒன்று போட்டிருந்தால், அது எப்படி நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். கிளைவ், டிரென்வித், இன்னஸ், கில்பாட்ரிக், ராஜா சாகிப், முராரி ராவ். மதிலில் நின்ற இருநூறு சிப்பாய்களின் வரிசையில் வெறும் எண். வாய்க்காலை அடைத்த கொத்தனாரின் வரிசையில் தொழிற்பெயர் மட்டும். வெளியே அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானோர் எங்கே போய்த் தங்கினார்கள் என்பதற்குக் குறிப்பே இல்லை. வெளியே நின்ற இரண்டாயிரம் சிப்பாய்களும் உள்ளே நின்றவர்களும் இதே நாட்டில் திரட்டப்பட்டவர்கள் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். அப்போதுதான் அது ஆங்கிலேயருக்கும் இந்தியருக்கும் நடந்த போர் என்ற எளிய வாய்பாடு தானாக விலகும்.

அந்த வெற்று இடங்களை நிரப்பக் கற்பனைப் பெயர்களைச் சூட்டும் ஆசை வரும். வகுப்பில் நாடகம் போடும்போது அது இன்னும் வலுவாக வரும். நாடகத்தில் சூட்டிக்கொள்ளுங்கள், கட்டுரையில் இடத்தை வெறுமையாகவே விட்டு, பெயர் பதிவாகவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். படைத்தலைவரைப் பற்றிய இறுதிப் பத்தியை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.